ஒரு காலுக்கு இரண்டு எண்

செப்டம்பர் 18, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். "அம்மா ஒவ்வொரு நாளும் எப்படி இருக்காங்கன்னு நாலு வரி குறிச்சு வைங்க சார்" என்றார். நூல் மில் டெஸ்டிங் லேபில் காலமெல்லாம் மெஷின் ரிப்பேர் பார்த்தவனுக்கு நாலு வரி எழுதுவது என்ன கம்ப சூத்திரமா?

என் மனைவி துளசி நன்றாக இருக்கிறாள். இட்லி சாப்பிட்டாள். தானே தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டாள். மணி என்ன என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி கேட்டாள். சொன்னேன். மறுபடியும் கேட்டாள்.

நாலு வரிக்கு மேலேயே ஆகிவிட்டது.

செப்டம்பர் 19, செவ்வாய்

புனேயிலிருந்து நவநீதன் போன் செய்தான். எங்களுக்கு ஒரே மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் அவனுக்குக் கீழே அறுபது பேராம். அறுபத்தொன்றாவது ஆள் நான் என்று நினைப்பு.

"அப்பா, இங்க நல்ல எடம் ஒன்னு பாத்து வச்சிருக்கறேன். மறதி வந்தவங்களுக்குன்னே நடத்தறாங்க. எந்நேரமும் நர்ஸ் இருக்கும். கேட்டு பூட்டியிருக்கும்."

"உங்கம்மா என்ன ஆடா மாடா, பட்டியில போட்டு அடைக்கறதுக்கு?"

"போன மாசம் ரெண்டு தடவ ரோட்டுக்குப் போயிட்டாங்கப்பா. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்புல நின்னாங்கன்னு ராசாமணியக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். நீங்க வாயே தொறக்கல."

ராசாமணி காலையும் மாலையும் வந்து சமைத்து, பாத்திரம் கழுவி, வீடு கூட்டிவிட்டுப் போகிறவள். கூட்டுவதைவிட நவநீதன் காதில் ஊதுவது அதிகம்.

நானும் புனேக்கு வந்து மகன் வீட்டில் இருக்கலாமாம். வாரத்துக்கு ஒருமுறை போய்த் துளசியைப் பார்க்கலாமாம். கட்டின பெண்டாட்டியை மனு போட்டுப் பார்க்க வேண்டிய தலையெழுத்து எனக்கு. கத்தினேன். அவனும் கத்தினான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஆயுத பூஜை லீவுக்கு வருகிறான். வந்து கூடவே இருந்து பார்ப்பானாம். அம்மா வீட்டில் அமைதியாக இருந்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவானாம்.

அவளை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் எனக்கு என்ன சோலி?

செப்டம்பர் 21, வியாழன்

யோசித்துப் பார்த்தேன். அவளைப் படுத்துகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான், நேரம். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் ஆரம்பிப்பாள். "மணி எத்தனைங்க? ஏனுங்க, மணி எத்தனை?" பொழுது இறங்க இறங்கக் குரலில் ஒரு பதற்றம் ஏறும். வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாள். நான் எரிந்து விழுவேன். அவள் தெருவில் இறங்குவாள். மணி தெரிந்துவிட்டால் எதற்காக இறங்கப் போகிறாள்?

ஆனால் கடிகாரம் பார்க்க அவளுக்கு வரவில்லை. சுவரில் இருப்பதைக் காட்டினால், "ரெண்டு குச்சி ஒன்னையொன்னு தொரத்துது" என்கிறாள். நவநீதன் அனுப்பிய சிவப்பு டிஜிட்டல் கடிகாரம் அதைவிட மோசம். எட்டை எட்டாகவே பார்க்க மாட்டேன் என்கிறாள், கட்டம் கட்டமாகச் சன்னல் கம்பி மாதிரி இருக்கிறதாம். வாஸ்தவம்தான். துண்டு துண்டாகக் கோடு போட்டு எண் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் தினசரி காலண்டரில் தேதியை டாண் என்று படிக்கிறாள்.

அப்போது நினைவுக்கு வந்தது லேபில் இருந்த நிக்ஸி டியூப். கண்ணாடிக் குப்பிக்குள் பூஜ்யம் முதல் ஒன்பதுவரை கம்பியில் வளைத்த எண்கள், தட்டு ஸ்டேண்டில் தட்டு அடுக்கினது போல ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். எந்த எண்ணுக்குக் கரண்ட் போகிறதோ அது மட்டும் செம்மஞ்சளாக எரியும். கையால் எழுதின மாதிரி முழு எண். கல்யாணத்துக்கு முந்தித் துளசியும் அதே லேபில்தான் இருந்தாள். நூலின் கணக்கை அந்த டியூப்களைப் பார்த்துத்தான் வாசிப்பாள். நான் ரிப்பேர் பார்க்கிற சாக்கில் போய் நிற்பேன்.

அதில் ஒரு கடிகாரம் செய்துவிட்டால் ஜோலி முடிந்தது.

செப்டம்பர் 24, ஞாயிறு

உக்கடம் பழைய சாமான் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றினேன். எந்த லேபிலிருந்தோ கழித்த ஒரு கவுண்டர் பெட்டி கிடைத்தது, உள்ளே ஆறு நிக்ஸி டியூப். கடைக்காரர் ஜபருல்லா பாய், "இத வச்சு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரிக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கழுவித் துடைத்துப் பார்த்தால், இது நான் பார்த்த ஜாதி டியூப்பே இல்லை. அடியில் பத்து எண்ணுக்குப் பத்துக் கம்பிக் கால், முன்னால் இருக்கிற கம்பி வலைக்கு ஒரு கால், ஆகப் பதினொன்று இருக்க வேண்டும். இதற்கு ஏழு கால்கள்தான். எண்களோ பத்தும் இருக்கின்றன. அதிலும் அஞ்சு என்று தனியாகச் செய்யவில்லை, ரெண்டையே குப்புறப் புரட்டி மாட்டியிருக்கிறான் மகா கஞ்சன்.

துளசி பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். விருந்தாளிகளுக்கென்று மேலே எடுத்து வைத்திருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் கொடுத்தாள். இன்று எனக்கு யோகம்.

செப்டம்பர் 26, செவ்வாய்

எரிந்தது. ஆனால் எப்படி எரிந்தது! நாலுக்குக் கரண்ட் கொடுத்தால் நாலும் அஞ்சும் சேர்ந்து எரிகிறது. ஆறுக்குக் கொடுத்தால் ஏழும் கூட வருகிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஒரு எழவும் புரியவில்லை. ஆறு டியூப்பும் இதே லட்சணம்.

துளசியிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நாலா அஞ்சா? ஏதாச்சும் ஒன்னச் சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

வின்சென்ட்டுக்குப் போன் போட்டேன். பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். இப்போது திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். கடிகாரத்தை ஓட்டுகிற சர்க்யூட் பலகையை அவர்தான் செய்து தருகிறார். "உள்ளுக்குள்ளயே ஒட்டிக்கிச்சு போலிருக்கு. தூக்கிப் போட்டுட்டு வேற பாருங்க" என்றார். வேறு எங்கே போய்ப் பார்க்க? உக்கடத்தில் என்ன காய்த்தா தொங்குகிறது?

செப்டம்பர் 27, புதன்

இன்று ஒரு சண்டை. டியூப்புக்கு நூற்றெண்பது வோல்ட் வேண்டும். மேசைமேல் கம்பிகள் திறந்து கிடக்கின்றன. மின்சாரத்தை நிறுத்தாமல் திருகாணி எடுக்க அந்தப் பக்கம் திரும்பினேன், அதற்குள் துளசி கையை நீட்டிவிட்டாள். போட்டேன் ஒரு சத்தம். தெருவே கேட்டிருக்கும். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதாள்.

"எங்க ஊட்டுக்காரர் வரட்டும், சொல்றனா இல்லையான்னு பாருங்க" என்றாள்.

என்னைக் காட்டி என்னையே மிரட்டுகிறாள். அந்தக் காலத்திலேயே அவளுக்கு இந்தக் குறும்பு உண்டு.

செப்டம்பர் 29, வெள்ளி

மழை. நன்றாக இருக்கிறாள்.

அக்டோபர் 1, ஞாயிறு

ராசாமணி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். "ஐயா, ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது" என்று பீடிகை போட்டாள். கோவிச்சுக்கிற மாதிரி ஒன்றைத்தான் சொல்லப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"அக்கா எங்கிட்ட வந்து பொட்டாட்டக் காதோட காதாக் கேக்கறாங்க, இந்த ரிப்பேர்க்காரரு எப்பப் போவாருன்னு. ஊட்டுக்குள்ளயே குந்தியிருக்கறாரு, சோறும் இங்கயே திங்கறாருங்கறாங்க."

"அவ தமாசு பண்ணியிருப்பா. நீ போயி வேலையப் பாரு."

"தமாசு மாதிரி தெரியலீங்கையா."

"உன்னைய வேலையப் பாருன்னு சொன்னேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனாள். நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்து கம்பியும் ஈயமுமாக இருந்தால் ரிப்பேர்க்காரன் என்றுதான் சொல்வாள் எவளும். இதில் என்ன இருக்கிறது?

அக்டோபர் 4, புதன்

கண்டுபிடித்தாயிற்று. நான் இல்லை, துளசி கண்டுபிடித்தாள்.

காலை வெயிலில் சன்னலோரம் நின்று ஒரு டியூப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மின்சாரம் இல்லை, அதனால் விட்டுவிட்டேன். நூலில் இருக்கிற முடிச்சை வெறுங்கண்ணால் பார்த்துச் சொன்ன பெண். திடீரென்று, "ஏனுங்க, இதுக்கு நடுவால கொசுவலை அடிச்சிருக்குது" என்றாள்.

"முன்னால இருக்கறதச் சொல்றயா?"

"முன்னால ஒன்னு இருக்குதுங்க. நடுவால ஒன்னு. பின்னால ஒன்னு."

பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. ஐந்தாவது எண்ணுக்கும் ஆறாவது எண்ணுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாக ஒரு தடுப்பு. ஒரே குப்பிக்குள் இரண்டு அறை கட்டியிருக்கிறான்! முன்னறையில் இரட்டைப்படை எண்கள், பின்னறையில் ஒற்றைப்படை. முன்னறைக்குக் கரண்ட் நுழைகிற வாசலாக ஒரு ஆனோடு, பின்னறைக்கு இன்னொரு ஆனோடு. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் சேர்த்து ஒரு கால், ரெண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு கால், நாலுக்கும் அஞ்சுக்கும் ஒரு கால். நாலு வேண்டுமா, முன்னறைக்குக் கரண்ட் கொடு. அஞ்சு வேண்டுமா, அதே காலை வைத்துக்கொண்டு பின்னறைக்குக் கொடு. பத்து எண்ணுக்கு ஐந்து கால், அறைக்கு ஒன்றாக இரண்டு கால், கணக்கு ஏழு. கஞ்சன் என்று திட்டினேனே, கெட்டிக்காரன்.

நான் செய்த காரியம் என்னவென்றால், அந்த இரண்டு ஆனோடுக் கால்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டேன். பழைய ரேடியோ வால்வுகளில் ஒரே சமாசாரத்துக்கு இரண்டு கால் விட்டிருப்பான். கூடுதலாகக் காலைப் பார்த்தால் முறுக்கிவிட்டு மறு வேலை பார்ப்பது எங்கள் லேப்காரர்களின் கைப்பழக்கம். இரண்டு அறையிலும் ஒரே நேரத்தில் விளக்குப் போட்டால் இரண்டு எண்ணும் எரியாமல் என்ன செய்யும்?

முறுக்கைப் பிரித்தேன். நாலு தனியாக எரிந்தது. அஞ்சு தனியாக எரிந்தது. "இப்பப் படி" என்றேன். "நாலு" என்றாள். "இப்ப?" "அஞ்சு." சிரித்தாள். எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

"நீங்க நல்ல தொழில்காரருங்க" என்றாள்.

அக்டோபர் 6, வெள்ளி

வின்சென்ட்டிடம் சொன்னேன். மனிதர் போனிலேயே துள்ளுகிறார். பலகையை மாற்றிச் செய்து கூரியரில் அனுப்புகிறாராம். நவநீதனிடம் சொன்னேன், "ம்ம்" என்றான்.

அக்டோபர் 11, புதன்

பலகை வரவில்லை. துளசி மணி கேட்டாள். சாப்பிட்டாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

மூன்று நாளாகத் துளசி சின்ன அறையில் படுக்கிறாள். உள்பக்கம் தாழ்ப்பாளும் போட்டுக்கொள்கிறாள். எங்கள் படுக்கை அறையில் புழுக்கமாக இருக்கிறதாம் என்று ராசாமணியிடம் சொன்னேன். ராசாமணி தாழ்ப்பாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூட்டப் போனாள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக வந்தது. தாழ்ப்பாளை மட்டும் கழற்றிவிட்டேன். அவசரத்துக்குத் திறக்க வேண்டுமே.

அக்டோபர் 18, புதன்

பலகை வந்துவிட்டது! நாளைக்குள் கட்டி முடித்துவிடுவேன். தேக்குப் பலகையில் ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறேன். மணிக்கு இரண்டு டியூப், நிமிடத்துக்கு இரண்டு டியூப். மீதி இரண்டு கைவசம் இருக்கட்டும்.

அக்டோபர் 20, வெள்ளி

நேற்று முடித்து, இன்று காலை ஹாலில் டிவி ஸ்டேண்டின்மேல் வைத்தேன். குளித்துவிட்டு வந்த துளசி நின்றாள். முந்தானையால் கையைத் துடைத்தபடியே, "ஒம்பது பதினேழு" என்றாள்.

யாரும் கேட்கவில்லை. தானாகப் படித்தாள். கொஞ்சம் கழித்து, "ஒம்பதே முக்கால். பாலு வாங்கணும்" என்றாள். சாயங்காலம் நாலுவரை ஒருமுறைகூட மணி எத்தனை என்று என்னைக் கேட்கவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கவில்லை. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நவநீதனைக் கூப்பிட்டு, "வந்து பாருடா, வந்து பாரு" என்றேன்.

நாலு மணிக்கு மேல் நடந்ததை நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 21, சனி

இது டாக்டருக்கு இல்லை.

நேற்று நாலரைக்கு எழுந்து போனாள். முகம் கழுவிப் பவுடர் பூசி, தலையை வாரிப் பின்னி, ராசாமணி கட்டிக் கொடுத்த கனகாம்பரத்தை வைத்துக்கொண்டாள். அடுப்பில் பாலை ஏற்றினாள். நல்ல பிள்ளையாகச் சேலையைத் திருத்திக்கொண்டு வந்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எட்ட நின்றாள்.

"நாலு நாப்பது ஆயிருச்சுங்க."

"ஆமா, கரெக்டாப் பாத்துட்டயே" என்றேன்.

"நீங்க பொறப்படறீங்களா? தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. கடியாரமெல்லாம் நல்லாத்தான் செஞ்சு குடுத்திருக்கறீங்க. ஆனா அஞ்சு மணிக்கு அவரு வந்துருவாரு. ஊட்டுல ஆம்பள ஆள் ஒருத்தரு குந்தியிருந்தா அவருக்குப் பிடிக்காது. கோவக்காரருங்க."

"யாரு?"

"எங்க ஊட்டுக்காரரு. சென்னியப்பன்னு, மில்லு லேபுல இருக்கறாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியும் என்றேன்.

அதுதான். இத்தனை நாளும் அவள் மணி கேட்டது அதற்குத்தான். நான் வேலை விட்டு வருகிற நேரம் ஆயிற்றா என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்துகொண்டு, "இப்பத்தானே கேட்ட" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கோப்பை, தாழ்ப்பாள், ராசாமணி சொன்னது, எல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியாது என்று வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். மூலையில் இருக்கிற பேக்கரியில் போய் டீ சொன்னேன். டீயைக் குடிக்க முடியவில்லை. பின்பக்கம் போய் கேஸ் சிலிண்டர் அடுக்கியிருக்கிற இடத்தில் நின்று அழுதேன். பேக்கரிப் பையன்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அப்புறம் ஒரு யோசனை. அஞ்சுக்கு நான்தானே போக வேண்டும்? நானே போகிறேன். முகத்தைக் கழுவி, தலையைப் படிய வாரிக்கொண்டு, சரியாக அஞ்சு மணிக்கு அழைப்பு மணியை அழுத்தினேன். ஓடி வந்து கதவைத் திறந்தாள். அவள் முகத்தில் இருந்த அந்த வெளிச்சம் என்னைப் பார்த்ததும் அணைந்தது. என் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அவரு இன்னும் வரலீங்களே" என்றாள். "எதையாச்சும் மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்களா?"

அஞ்சேகாலுக்கு அழ ஆரம்பித்தாள். அஞ்சரைக்குத் தெருவில் இறங்கினாள். ராசாமணியும் நானும் பின்னாலேயே போய், ராசாமணி பேசிப் பேசித் திருப்பிக் கொண்டுவந்தாள். நான் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறாள். முன்பெல்லாம் மணி தெரியாமல்தான் தவித்தாள். இப்போது எத்தனை நிமிடம் தாமதம் என்று அவளுக்கே தெரிகிறது. என் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

நவநீதன் வந்துவிட்டான். அவனைத் தெரிகிறது அவளுக்கு. "எளச்சுப் போயிட்டயே சாமி" என்று கன்னத்தைத் தடவினாள். அது எப்படி என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது, மகன்மேல்.

நாலு நாற்பதுக்கு அவனிடம், "அப்பா வர்ற நேரமாச்சு, அந்த அண்ணனக் கொஞ்சம் அனுப்பிச்சு உடு கண்ணு" என்றாள். நவநீதன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

ஐந்தரைக்கு அவன் கையை உதறிவிட்டு, எங்கள் தெருமுனையில் இருக்கிற திருச்சி ரோட்டில் குறுக்கே போனாள். டவுன் பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "வயசானவங்கள இப்படியா உடுவீங்க?" என்று திட்டினான். அவன் சொல்வதில் தப்பில்லை.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. மீட்டர், குறடு, பற்றவைக்கிற இரும்பு எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன் அடுக்கினேன். கடிகாரத்துக்கும் ஒரு பொட்டு. இன்றைக்கு எந்தக் கருவியையும் கையால் தொடக்கூடாது, எங்கள் லேபில் ஸ்குரூ டிரைவரைக்கூட எடுக்க மாட்டோம். துளசி பொரி கடலையைக் கிண்ணத்தில் போட்டு ராசாமணியிடம் கொடுத்து, "அந்த அண்ணனுக்கும் குடு" என்றாள்.

நவநீதன் பேசினான். இந்த முறை மேனேஜர் குரல் இல்லை.

"புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன்ப்பா. நீங்களும் வாங்க."

"சரி."

"அந்தக் கடியாரத்த அமத்திருங்கப்பா. அதப் பாத்துத்தான் கெளம்பறாங்க."

"அமத்திப்போட்டா? கடியாரமே இல்லாதப்பவும் ரோட்டுக்குப் போனாளே."

சாயங்காலம் இரண்டு பேரும் கேட்டைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தோம். அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "அவருக்கு என்னமோ ஆயிருச்சு, தொறந்து உடுங்க" என்று அழுதாள். எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். புனேயிலும் இந்தக் கேட்டுதானே இருக்கும்? அங்கே யாரிடம் அழுவாள்?

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து, நல்ல நேரத்தில் ஒரு வேலையாவது தொடங்க வேண்டும் என்பது முறை. தொடங்கினேன்.

காலையில் காப்பி குடிக்கும்போது நினைத்துப் பார்த்தேன். அழுகையெல்லாம் அஞ்சுக்கு மேல்தான். நாலு நாற்பதில் அவள் அழுவதில்லை. பூ வைத்துக்கொண்டு, பாலை ஏற்றிவிட்டு, இதோ வந்துவிடுவார் என்று உட்கார்ந்திருக்கிறாளே, நாள் முழுக்க அவள் அவ்வளவு சந்தோசமாக இருக்கிற நேரம் வேறு இல்லை. அஞ்சு ஆகாமல் இருந்தால் போதும்.

வின்சென்ட்டிடம் கேட்டேன், கடிகாரத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா என்று. பலகையில் எந்த இரண்டு புள்ளியைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னார். "ஆனா ஒன்னு. தெனமும் மணிக்கணக்கா ஒரே எண்ணு எரிஞ்சா, அதுல இருந்து கெளம்பற துகள் பக்கத்து எண்ணுமேல படியும். கொஞ்ச நாள்ல மத்த எண்ணெல்லாம் மங்கிரும். இவ்வளவு கஷ்டப்பட்டு உண்டாக்குன கடிகாரத்த நீங்களே கெடுக்கறீங்க."

மங்கினால் மங்கட்டும் என்றேன்.

அவர் சொன்ன இடத்தில் ஒரு சின்ன சுவிட்சைப் பற்றவைத்துப் பெட்டிக்குப் பின்னால் பொருத்தினேன். சாயங்காலம் துளசி முகம் கழுவப் போனபோது நாலு நாற்பதில் தட்டிவிட்டேன். எண்கள் அப்படியே நின்றன.

வந்தாள், பார்த்தாள். "இன்னும் இருவது நிமிசம் இருக்குது" என்று உட்கார்ந்தாள். என்னைப் போகச் சொல்ல வாயெடுத்தவளிடம் நானே முந்திக்கொண்டேன். "ஐயாவப் பாத்துக் கடியாரத்த ஒப்படைச்சுட்டுப் போலாமுன்னு இருக்கறனுங்க. இருக்கலாங்களா?" துளசியை ங்க போட்டுப் பேச நாக்குப் புரளவில்லை. கொஞ்சம் யோசித்து, "ஓ, இருங்க" என்றாள்.

வெளியே இருட்டியது. "மூடாக்குப் போட்டிருக்குது, மழ வரும்போல" என்றாள். ராசாமணி சாதம் கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள். எட்டு மணிக்குச் சோபாவிலேயே கண் சொருகி, நவநீதன் கையைப் பிடித்துக்கொண்டு படுக்கைக்குப் போனாள். ஒரு சொட்டு அழவில்லை.

நவநீதன் சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க ரெண்டு பேரு டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிர்றேன். அம்மா இங்கயே இருக்கட்டும்" என்றான். அப்புறம் கேட்டான், "உங்களால முடியுமாப்பா?"

"கடியாரந்தானே, சுவிட்சத் தட்டினாப் போதும்" என்றேன். அவன் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 28, சனி

டாக்டருக்கு: நன்றாக இருக்கிறாள். தெருவுக்குப் போவதில்லை. பசி, தூக்கம் ஒழுங்காக இருக்கிறது. நவநீதன் புதன்கிழமை தனியாகக் கிளம்பிப் புனே போய்ச் சேர்ந்தான்.

மற்றபடி, இன்று சாயங்காலமும் தட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் என்னிடம் அவளுக்குப் பயம் இல்லை. முறுக்கு கொண்டுவந்து வைத்து, "உங்களுக்கு ஊட்டுல ஆரெல்லாம் இருக்கறாங்க?" என்று விசாரித்தாள். மனைவி இருக்கிறாள் என்றேன். "தெனமும் இங்க வந்து குந்திக்கறீங்க, அந்தம்மா தேட மாட்டாங்களா?"

"தேடிட்டுத்தாங்க இருக்கறா."

"அப்பப் பொறப்படுங்க சீக்கிரம், பாவம்" என்றாள். பிறகு எண்களைப் பார்த்து, "இருங்க, இருங்க, இன்னும் இருவது நிமிசந்தானே. அவரையும் ஒரு எட்டுப் பாத்துட்டே போங்க" என்றாள்.

"கோவக்காரருன்னு சொன்னீங்களே."

"கோவக்காரருதான். வந்ததும் வராததுமா வள்ளுன்னு விழுவாரு. நீங்க அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கண்ணா." பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுப் பூவைச் சரிசெய்தாள். "அந்தச் சத்தம் கேட்டாத்தானுங்க எனக்கு ஊடு ஊடாட்டம் இருக்கும்."

"வரட்டுங்க, இருந்து பாத்துட்டே போறேன்" என்றேன்.